மெதுநடைக்கு வேண்டிய அகலம்

சென்ற வாரம் ஒரு முற்பகலில் ஆயுதப்படையின் இளம் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். என்னிடம் பயிற்சி பெற்றவரிடம் பயிற்சி பெற்றவர். அந்தக் கணக்கில் எனக்குப் பேரன் முறை. ஓய்வு பெற்றவனைப் பணியில் இருப்பவர்கள் தேடினால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும். இல்லையென்றால் யாரும் பொறுப்பேற்க விரும்பாத சந்தேகம் ஒன்று மேசைக்கு வந்திருக்கிறது. இது இரண்டாவது வகை.

பணியில் இறந்த காவலர் ஒருவரின் உடல் பிணவறையில் இருந்தது. துப்பாக்கி மரியாதை செய்யும் அணிக்கு இவர்தான் தலைமை. சொந்த ஊர் வரை போவானேன், மருத்துவமனை வளாகத்திலேயே மரியாதையை முடித்து உடலைக் குடும்பத்திடம் ஒப்படைத்துவிடலாமே என்று மேலே யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறார்களாம்.

"ரூல்ல அதுக்கு இடம் இருக்குதுங்களா ஐயா?" என்று கேட்டார்.

"இருக்குது. அவரு வூடு எங்க இருக்குது? சுடுகாட்டுக்கு எது வழி?"

"அதுக்காகத்தான் ஐயா உங்களக் கூப்பிட்டேன்" என்றார்.

அவருக்கு ஏழுமலையைப் பற்றிச் சொன்னேன். அவசரத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், திட்டு வாங்கினோம், மறுபடி ஓடினோம். வேலையில் சேர்ந்த பிறகு அஞ்சல் வழியில் வரலாறு எம்.ஏ. படித்தேன். செஞ்சிக் கோட்டை எந்த வரிசையில் யார் யார் கைக்கு மாறியது என்று இன்றும் தப்பில்லாமல் சொல்வேன். அந்தக் கோட்டையில் பந்தோபஸ்து நின்றபோது, அங்கே உள்ள குரங்குகள் அந்த வரிசையை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்பதையும் தெரிந்துகொண்டேன். படித்தவன் என்பதால் எனக்கு ஆயுதப்படையில் நல்ல வேலை தருவார்கள் என்று நம்பினேன். சாவு வேலை தந்தார்கள்.

சாவு வேலை என்று நாங்கள் சொல்வது மரியாதை அணியை. காவலர் ஒருவர் பணியில் இறந்தால் துப்பாக்கியைத் தலைகீழாக அக்குளில் இடுக்கிக்கொண்டு உடலுக்கு முன்னால் மெதுநடை போட வேண்டும். சுடுகாட்டில் வானத்தை நோக்கி மூன்று முறை வெற்றுத் தோட்டா சுட வேண்டும். எக்காளம் ஊத வேண்டும். கடைசியில் இறந்தவரின் தொப்பியையும் பெல்ட்டையும் தட்டில் வைத்து மனைவியிடமோ தாயிடமோ கொடுக்க வேண்டும். பத்திரிகையில் இருபத்தொரு குண்டுகள் முழங்க என்று போடுவார்கள். எத்தனை பேர் நின்று சுட்டாலும் அவர்களுக்கு அது இருபத்தொன்றுதான்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ரிசர்வ் இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. என்போம். அதிகம் பேசமாட்டார். வெள்ளைக் கைக்குட்டை ஒன்று எப்போதும் கையில் இருக்கும். ஒவ்வொரு துப்பாக்கி வாயையும் அதனால் துடைத்துப் பார்ப்பார். கறை தெரிந்தால் கைக்குட்டையை நம் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு அடுத்தவனிடம் போய்விடுவார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும். வெற்றுத் தோட்டாக்களை எண்ணமாட்டார். ஒவ்வொன்றின் நுனியையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே நடுவில் ஒரு நிஜத் தோட்டா இருக்கலாம் என்பது அவர் வாதம். "உயிரோட இருக்கறவன் முன்னால தப்பு பண்ணா மன்னிப்பு கேட்டுக்கலாம். பொணத்துக்கு முன்னால பண்ணா யார்கிட்ட கேப்ப?" என்று ஒரே ஒரு முறை சொன்னார். நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கட்டைவிரல் பழக்கம் என்னை விடவில்லை. வீட்டில் பச்சைமிளகாய் வாங்கி வந்தாலும் நுனியைத் தடவிப் பார்க்கிறேன் என்று என் மனைவி புகார் சொல்வாள்.

என் அணியில் வந்து சேர்ந்தவர்களில் மெதுநடை உடனே வந்தது ஏழுமலை ஒருவனுக்குத்தான். மெதுநடை பார்ப்பதற்குச் சுலபம். போடுகிறவனுக்குத் தெரியும் கஷ்டம். ஒரு காலைத் தரைக்கு மேல் நிறுத்தி, மறு காலில் உடம்பு முழுவதையும் தாங்கி, ஆடாமல் அடுத்த அடியை வைக்க வேண்டும். நல்ல உடற்கட்டு உள்ளவர்கள் கூடக் குடித்தவர்கள் போல அசைவார்கள். இவன் ஒல்லி. கொக்கு மாதிரி நிற்பான். எங்கே பழகினாய் என்று கேட்டேன்.

"எங்க நைனாவப் பாடையில தூக்கிக்கிட்டு வரப்பு மேல போனப்ப கத்துக்கிட்டது ஐயா. நல்ல மழை. ஒரு கால் எடுத்தா மறு கால் நிக்கணும். வழுக்குச்சின்னா நைனா சேத்துல" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு ஏன் வரப்பு மேல் என்று கேட்கத் தோன்றியது. கேட்கத் தேவையில்லை என்பதும் தெரிந்திருந்தது.

அவன் ஊர் செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம், அந்தப் பக்கத்தில் பல ஊர்களுக்கு அந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். ஊரில் பெரும்பாலும் நிலமுள்ள குடும்பங்கள். காலனியில் இருப்பவர்களின் தாத்தாக்கள் அந்த நிலங்களில் கூலிக்கு உழைத்தவர்கள். இன்று அங்கே ஆசிரியர், நர்ஸ், போலீஸ் எல்லாரும் உண்டு. சிமெண்ட் சாலை காலனியில் தொடங்கி ஊர்த்தெரு வழியாக ஏரிக்கரைக்குப் போகிறது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் காலனியின் சுடுகாடு. காலனிக்காரர்கள் ஊர்த்தெருவில் பைக்கில் போகலாம், பஸ்ஸுக்கு நடக்கலாம், ரேஷன் வாங்கி வரலாம். செத்த பிறகு மட்டும் போகக் கூடாது. மாரியம்மன் கோயிலுக்கு முன்னாலேயே இடப்பக்கம் வயலில் இறங்கி, வாய்க்கால் வரப்பு மேல் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இது எங்கேயும் எழுதி வைத்த விதி இல்லை. எழுதி வைத்திருந்தால் நான் அதில் ஓட்டை கண்டுபிடித்திருப்பேன்.

ஒருமுறை மேல்சித்தாமூர் பக்கம் ஒரு ஏட்டுக்கு மரியாதை செய்துவிட்டு வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். சாவு வேலை முடிந்து திரும்பும்போது எங்கள் ஆட்கள் எப்போதும் அதிகம் சிரிப்பார்கள். ஏழுமலை திடீரென்று கேட்டான்: "ஐயா, எனக்கு இப்படி ஒண்ணு ஆச்சுன்னா எந்த வழியா கூட்டிட்டுப் போவீங்க?"

பின் சீட்டிலிருந்து ஒருவன், "நீ கெழவனாகி இருமி இருமித்தான்டா சாவ. உனக்கு மாலையே கெடையாது, வழியப் பத்திக் கேக்கறான் பாரு" என்றான்.

நான், "பூட்ஸ் வைக்க எந்த வழியில இடம் இருக்குதோ அந்த வழியா" என்றேன்.

"அப்ப தெரு வழிதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சில வருடங்களில் அவனுக்குக் காவல் நிலையத்துக்கு மாற்றல் கிடைத்தது. கலைச்செல்வியைக் கல்யாணம் செய்துகொண்டான். பெண் குழந்தை பிறந்தபோது ஸ்வீட் டப்பாவோடு வந்தான். அதன்பிறகு அவனைப் பார்த்தது பிணவறையில்.

வல்லம் பக்கத்தில் ஒரு நிலக்கடலைக் கொல்லை. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்த இளைஞன் ஒருவன் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கிறான் என்று தகவல் வந்தது. ஏழுமலை போனான். இதற்கு விதி தெளிவாக இருக்கிறது: தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், கிட்டே போகக் கூடாது. மூன்றையும் செய்தான். தீயணைப்பு வண்டி வருவதற்குள் இளைஞன் உள்ளே போய்விட்டான். இதற்கும் விதி இருக்கிறது: காத்திருக்க வேண்டும். ஏழுமலை காத்திருக்கவில்லை. இளைஞனை மோட்டார் குழாயைப் பிடிக்கவைத்துவிட்டான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதன்பின் பிடிமானம் தவறி, இடிந்து கிடந்த படிக்கல்லில் தலை மோதியிருக்கிறது. தீயணைப்பு வீரர்கள் வந்து இருவரையும் முறைப்படி மேலே கொண்டு வந்தார்கள். இளைஞன் பிழைத்துக்கொண்டான்.

டி.எஸ்.பி. பிணவறையில் கேட்ட முதல் கேள்வி, ஏன் ஷூவைக் கழற்றாமல் குதித்தான் என்பது.

அவர் அந்த வாரம் பொறுப்புக்கு வந்திருந்தவர், வேறு உட்கோட்டத்துக்காரர்; ஆனாலும் பந்தோபஸ்துகளில் பலமுறை அவருக்குக் கீழே நின்றிருக்கிறோம். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். நல்ல மனிதராக இருக்க அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுவார். அதனால் அவர் எதிரே நிற்பவரைப் பார்த்துப் பேச வேண்டியிருக்காது. உத்தரவு என்று எதுவும் போடமாட்டார். "பார்த்துக்குங்க" என்பார். காரியம் நன்றாக முடிந்தால் அவர் பார்த்துக்கொண்டது. கெட்டுப்போனால் நாம் பார்த்துக்கொள்ளாதது. கைரேகை விழாத உத்தரவு என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தோம். அவருக்குப் பிடித்த இன்னொரு சொல் சுமூகம்.

பிரேத விசாரணை, பரிசோதனை எல்லாம் முடிவதற்குள் அந்த ஊரிலிருந்து நான்கு பேர் அவரைப் பார்க்க வந்துவிட்டார்கள். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர்தான் பேசினார். வெள்ளைச் சட்டை, நிதானமான குரல்.

"தம்பிக்கு மரியாதை பண்ண வேணாம்னு நாங்க சொல்லல சார். நல்ல பையன். எங்க கண்ணு முன்னால வளந்தவன். நாளைக்கு ஊர் சார்புல மாலை போடறோம். ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குது இல்லீங்களா? இன்னிக்கு இவரு போனா, நாளைக்கு இன்னொருத்தர் போவாங்க. பசங்க கேக்கமாட்டானுங்க. அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா எங்களக் கேக்கக் கூடாது."

கடைசி வாக்கியத்தை மட்டும் டி.எஸ்.பி. சரியாகக் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்தபடி என் பக்கம் வந்து அந்த யோசனையைச் சொன்னார். மரியாதையை மருத்துவமனை வளாகத்திலேயே செய்துவிடலாம். மூன்று முறை சுடலாம், எக்காளம் ஊதலாம், தொப்பியை மனைவி கையில் கொடுத்துவிடலாம். அதோடு துறையின் கடமை முடிந்தது. உடலை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் எந்த வழியாக வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். சுமூகமாக முடிந்துவிடும்.

ஒரு விதியும் மீறப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முப்பது வருடம் விதிகளோடு குடும்பம் நடத்தியவன் நான். விதியை மீறிச் செய்யும் அநியாயத்தை எதிர்த்து மனு எழுதலாம். விதிக்குள் நின்று செய்யும் அநியாயத்துக்கு மனு எழுத எந்தப் பிரிவும் இல்லை.

தட்டில் தொப்பியும் பெல்ட்டும் தயாராக இருந்தன. கலைச்செல்வியை அழைத்து வந்தார்கள். அழுது முடித்திருந்தாள் போலிருந்தது, அல்லது தொடங்கவே இல்லை. டி.எஸ்.பி. ஏற்பாட்டை அவளுக்கு விளக்கினார். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை.

"இத இப்ப வாங்கிக்கிட்டா அவரு என் வூட்டுக்காரரு மட்டும்தான சார்?" என்று கேட்டாள்.

டி.எஸ்.பி.க்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஏழுமலை என் அணியில் இருந்தபோது ஒவ்வொரு சாவு வேலையையும் வீட்டில் போய் விவரமாகச் சொல்லியிருக்கிறான். தொப்பி கை மாறுகிறவரை உடல் துறையின் பொறுப்பு என்பது அவளுக்கு என்னைப் போலவே தெரிந்திருந்தது.

"தொப்பின்றது சும்மா ஒரு அடையாளம்தாம்மா" என்றார் டி.எஸ்.பி.

"அடையாளமாவே இருக்கட்டும் சார். அது உங்ககிட்ட இருக்கற வரைக்கும்தான் நீங்க கூட வருவீங்க. வூட்டுக்கு எடுத்துட்டு வாங்க. சுடுகாட்டுல வாங்கிக்கறேன்." இதைச் சொல்லிவிட்டு அவள் மாமியார் பச்சையம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டி.எஸ்.பி. என்னைப் பார்த்தார். முதல் முறையாகக் கண்ணாடி மூக்கில் இருந்தது. மரியாதை அணி ஒருமுறை உடலோடு சேர்ந்துவிட்டால் சுடுகாடு வரை பிரியக் கூடாது என்று சொன்னேன். அப்படி விதி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எந்தப் பக்கத்தில் என்று கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். விதிப்புத்தகத்தைத் திறக்கும் பழக்கமுள்ளவர் "பார்த்துக்குங்க" என்று சொல்லமாட்டார். மெதுநடைக்கு ஒரு குறைந்தபட்ச அகலம் வேண்டும், வண்டிக்கு ஆறடியாவது வேண்டும், வரப்பு ஒரு அடிதான் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார். "பார்த்துக்குங்க" என்றார்.

மறுநாள் காலை பார்த்துக்கொள்ளக் கிளம்பினேன். இரவெல்லாம் எனக்கு ஒரே யோசனை. தெருவில் கல் விழும். கல் என் ஆட்களில் ஒருவன் மேல் படும். அவன் கையில் துப்பாக்கி இருக்கும். அதில் வெற்றுத் தோட்டாதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கல் எறிந்தவனுக்கு யார் சொல்வது? வெடிச்சத்தம் ஒன்று கேட்டால் போதும், தெரு ஓடும், விழும், மிதிபடும். அதற்கு மேல், ஆர்.ஐ.யின் அந்தக் கட்டைவிரல் கவலை. மருத்துவமனை வளாகத்தில் வேனுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டாவையும் நுனி தடவிப் பார்த்தேன். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தடவினேன். பிறகு அத்தனையையும் ஒரு பைக்குள் போட்டு என்னிடமே வைத்துக்கொண்டேன். சுடுகாட்டில் வரிசை நின்ற பிறகுதான் யார் கைக்கும் தோட்டா வரும் என்று சொன்னேன். என் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலித் துப்பாக்கியோடு அந்தத் தெருவுக்குள் போவதை அவர்கள் விரும்பவில்லை. எனக்கும் விருப்பமில்லை.

காலனியில் கூட்டம் அதிகம். இளைஞர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவன் என்னிடம் வந்தான். "ஐயா, நீங்க முன்னால போங்க. எவனாவது மறிச்சா நாங்க பாத்துக்கறோம்." அவனும் பார்த்துக்கொள்கிறவன். எனக்கு இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்கிறவர்கள். கோஷம் வேண்டாம், வண்டிக்குப் பின்னால்தான் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பச்சையம்மா அவனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

கிளம்பினோம். முன்னால் என் அணி, அதன்பின் உடலை வைத்த திறந்த வண்டி. அதைத் தொடர்ந்து கலைச்செல்வி. அந்த ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. அவளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் பின்னால் டி.எஸ்.பி.யின் ஜீப்.

கோயில் வந்தது. வயலில் இறங்கும் வழியைச் செதுக்கிச் சுத்தம் செய்து, கற்பூரம் கூட ஏற்றி வைத்திருந்தார்கள். மரியாதையாகத்தான் வழிகாட்டினார்கள். நான் நேராகப் போனேன்.

ஊர்த்தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. நாய்கூட இல்லை. தெருவின் நடுவில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அடைத்துக்கொண்டு, டிரெய்லரோடு ஒரு டிராக்டர் குறுக்கே நின்றது. டிரெய்லரில் வைக்கோல். பக்கத்தில் ஒருவன் கையில் ஸ்பேனருடன் நின்றான். முன்னாள் தலைவரின் மகன். வண்டி பழுதாம்.

மெதுநடையில் போகும் தலைவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்த விதி எனக்கு அன்று ரொம்பப் பிடித்திருந்தது. பின்னால் ஜீப் ஹாரன் கேட்டது. என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. எடுத்தால் என்ன வரும் என்று தெரியும்: சுமூகமாகத் திரும்பி வயல் பக்கம் இறங்குங்கள். நில் என்று நான் சொன்னால் அணி நிற்கும். நின்ற அணியைத் திருப்பிவிடலாம். ஆனால் நிற்காமலும் போக முடியாது.

நடுவில் ஒன்று இருக்கிறது. நின்ற இடத்திலேயே கால் மாற்றுவது. மைதானத்தில் முன்னால் போகும் அணி விலகுவதற்காகப் பின்னால் வரும் அணி செய்வது. அதை மெதுநடையில் செய்யச் சொன்னேன். டிராக்டருக்கு முன்னால் நின்று என் ஆட்கள் ஒரு காலை மெல்லத் தூக்கி, நிறுத்தி, மெல்ல வைத்தார்கள். மறு காலைத் தூக்கினார்கள். பூட்ஸ் சிமெண்டில் படும் சத்தம் மட்டும்தான். பின்னால் காலனிக் கூட்டமும் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் பொறுமை எவ்வளவு நேரத்துக்கு என்று எனக்குத் தெரியாது. என் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. அணியில் கடைசி ஆளின் கால் ஆடத் தொடங்கிவிட்டது என்பதைப் பார்க்காமலே உணர்ந்தேன். இதற்கு மேல் எனக்கு எந்த நடைமுறையும் தெரியாது. புத்தகம் அங்கே முடிந்துவிட்டது.

அந்த ஸ்பேனர்காரன் ஒன்றைக் கவனிக்கவில்லை. டிராக்டரை நிறுத்துவதற்குத் தெருவிலேயே அகலம் குறைந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தான். அது அவன் வீட்டு வாசல். இப்போது பிணம் அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தது. பிணம் தெருவில் போகலாம். ஒரு வீட்டு வாசலில் நிற்கக் கூடாது. நின்றால் அந்த வீட்டிலிருந்து துணைக்கு ஒருவரை அழைக்கும். இது ஊருக்கும் தெரியும், காலனிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எம்.ஏ. படித்ததால் நம்புவதில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

சாத்திய கதவு திறந்தது. அவன் ஆயா வெளியே வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார்.

"இன்னாடா பண்ணி வச்சிருக்கற? பொணத்தக் கொண்டாந்து நம்ம வாசல்ல நிறுத்தி வச்சிருக்கற. வூட்ல உன் பொண்டாட்டி மாசமா இருக்குது. எட்றா வண்டிய."

"ஆயா, நீ உள்ள போ. நைனா சொல்லித்தான் –"

"உங்க நைனா வந்து பிரசவம் பாப்பானா? எடு."

பழுதான டிராக்டர் முதல் திருப்பிலேயே கிளம்பியது. பின்னால் நகர்ந்து சந்துக்குள் போயிற்று. முன்னே செல்ல உத்தரவு கொடுத்தேன். குரல் பிசிறியது. அணியில் யாரும் அதைப் பிற்பாடு சொல்லிக் கிண்டல் செய்யவில்லை என்பதால் எல்லாருக்கும் கேட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

நியாயம் வென்றது என்று இதை எழுத எனக்கும் ஆசைதான். அந்த ஆயாவுக்கு ஏழுமலை மேல் இரக்கம் வந்ததாக நான் நினைக்கவில்லை. வழக்கத்தை உடைத்தது இன்னொரு வழக்கம். ஒரு பயம் இன்னொரு பயத்தை நகரச் சொன்னது. அந்த இடைவெளியில் நாங்கள் கடந்துபோனோம்.

சுடுகாட்டில் பையிலிருந்து தோட்டாக்களைக் கொடுத்தேன். மூன்று முறையும் எல்லாத் துப்பாக்கியும் ஒரே சத்தமாக வெடித்தன. ஏரியில் இருந்த கொக்குகள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி உட்கார்ந்தன. எக்காளம் ஊதி முடிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு கலைச்செல்வியிடம் போனேன்.

"இப்ப முடிஞ்சுதுங்களா சார்?"

"முடிஞ்சுதும்மா."

தொப்பியை எடுத்துக்கொண்டாள். அதை மார்போடு அணைத்துக்கொள்ளவில்லை. உள்பக்கம் திருப்பி, வியர்வைப் பட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

திரும்பி வரும்போது ஊர்த்தெரு முழுவதும் ஈரமாக இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர் கொட்டிக் கழுவியிருந்தார்கள். என் அணியில் ஒருவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாத்தீங்களா ஐயா, கழுவி உட்டுட்டானுங்க" என்றான். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தத் தெருவில் யார் பிணம் போனாலும் போன பிறகு வாசலில் தண்ணீர் தெளிப்பார்கள். அவர்கள் சொந்தத் தகப்பன் போனாலும் தெளிப்பார்கள். தீட்டென்று கழுவினார்களா, மற்றவர்களுக்குச் செய்வதையே இவனுக்கும் செய்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லா நடைமுறையும் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவன் நான்.

டி.எஸ்.பி. தன் அறிக்கையில் நிகழ்ச்சி சுமூகமாக நடந்தது என்று எழுதினார். அதில் பொய் இல்லை.

இளம் சப்-இன்ஸ்பெக்டரிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன் என்றேன் அல்லவா? ஆயாவைப் பற்றிச் சொல்ல நேரமிருக்கவில்லை. ஒவ்வொரு தெருவிலும் ஒரு ஆயா கதவைத் திறப்பார் என்று அவர் நம்பிக்கொண்டு போவதும் நல்லதில்லை. தோட்டாக்களை உன்னிடமே வைத்துக்கொள், நில் என்று மட்டும் சொல்லாதே, திரும்பிப் பார்க்காதே என்றேன். போனை வைத்துவிட்டார்.

அன்று மதியம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரியும் ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல், டிராக்டர், மேலிடத்து உத்தரவு, தோட்டாவின் நுனி என்று ஒவ்வொன்றாக வந்து போயிற்று. மருத்துவமனையிலேயே முடித்திருப்பார்கள் என்றுதான் மனம் சொன்னது. அது சுலபம், விதிக்கும் உட்பட்டது, பையன் வேலைக்குப் புதியவன்.

பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன். எடுத்தார். பின்னால் இன்ஜின் சத்தமும், தூரத்தில் பறையும் கேட்டன.

"எங்கப்பா இருக்கற?"

"வண்டியில ஐயா."

"தொப்பி எங்க இருக்குது?"

"என் மடியிலதான் ஐயா இருக்குது" என்றார். "இன்னும் குடுக்கல."